முதல் நாய்க்குட்டி: இனம் தேர்வது முதல் தெருவில் நடக்கவிடுவது வரை, எதை எப்போது செய்வது

முதல் தடவை நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் குட்டியைப் பார்ப்பார்கள், பிடித்துப்போகும், அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இனம் நம் வீட்டுக்குச் சரிப்படுமா, டாக்டர் யார், பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். குட்டியைப் பார்த்தபின் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் குட்டி ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஐந்தையும் முடிக்காமல் எந்தக் கென்னலுக்கும் (நாய்ப் பண்ணைக்கும்) போகாதீர்கள்.

இது தமிழ்நாட்டு வெயிலையும் நம் ஊர் வீடுகளையும் மனதில் வைத்து எழுதியது. மலைப்பகுதியில் இருப்பவர்கள் இனம் பற்றிச் சொல்வதை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

## 1. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்

பேச வேண்டியது நாயைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு. காலை ஆறு மணிக்கு யார், மதியம் யார், ராத்திரி பதினொன்றுக்கு யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஒரே பெயர் எல்லா இடத்திலும் வந்தால் அவருடைய சம்மதம்தான் முக்கியம்.

"பகல்ல பாட்டி பார்த்துக்குவாங்க" என்று முடிவெடுத்துவிட்டு பாட்டியிடம் கேட்காத வீடுகள் நிறைய. குனிந்து தரையைத் துடைக்க வேண்டிய வேலை இது. கேளுங்கள்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில், முதல் இரண்டு மாதமாவது பகலில் ஒருவர் இருக்க வழியில்லை என்றால் குட்டி வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயதான நாயைத் தத்தெடுப்பது அந்த வீட்டுக்கு நல்லது. தரையில் போகாமல் அடக்கக் கற்றிருக்கும், குணமும் தெரிந்திருக்கும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்ஆப் செய்தி என்றாலும் போதும். குடியிருப்போர் சங்கம் நாயே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வழிகாட்டுதலைக் காட்டி வீட்டு உரிமையாளரோடு சண்டை போட்டுக்கொண்டு குடியிருப்பது வேறு விஷயம்.

பணக் கணக்கில் குட்டியின் விலை சின்னப் பகுதிதான். அது ஒரு முறை போகும். சாப்பாடு, ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை அறுவை, எதிர்பாராத ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷம் வரும். இன்னொன்றையும் இப்போதே பேசுங்கள்: பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும்?

அழைத்து வரும் தேதியையும் இங்கேயே முடிவு செய்யலாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வேண்டாம். புது இடத்துக்கு வந்த பயமும் வெடிச் சத்தமும் சேர்ந்தால் அந்தப் பயம் ஆயுசுக்கும் நிற்கலாம்.

## 2. இனம்: ஆசையை ஓரம் வைத்துவிட்டு மூன்று விஷயம் பாருங்கள்

வெயில், ஓட்டம், குரைப்பு. இந்த மூன்றில்தான் பெரும்பாலான தேர்வுகள் தோற்கின்றன. அழகு, விலை, குழந்தைகளோடு பழகுமா என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகு.

வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியே குறுகல். மே மாதம் சென்னையிலோ வேலூரிலோ மின்சாரம் போன ஒரு மதியம் அவற்றுக்கு உயிர் ஆபத்து. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றுக்குக் குளிருக்கான இரட்டை ரோமம். "ஏசி போட்டுடுவோம்" என்பார்கள். நாய் வெளியே போகாமல் ஏசி அறையிலேயே வாழ வேண்டும் என்றால் அந்த இனத்தை எடுத்ததே தவறு.

ஓட்டம். பீகிளும் ஜெர்மன் ஷெப்பர்டும் லேப்ரடாரும் வேலை செய்யப் பிறந்த இனங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் விளையாட்டும் இல்லை என்றால் சோபாவும் செருப்பும் கதவுச் சட்டமும் போகும். மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுவது நடைக்கு ஈடாகாது, அங்கே மோந்து பார்க்க எதுவும் இல்லை.

குரைப்பு. பொமேரேனியன் என்று நம் ஊரில் விற்பதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ். கெட்டிக்கார நாய், சின்ன உடம்பு, சாப்பாட்டுச் செலவு குறைவு. ஆனால் லிஃப்ட் திறந்தால் குரைக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற அடுக்குமாடியில் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

லேப்ரடார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். "லேப்னா சாது" என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சாது இரண்டு வயதுக்கு மேல்தான் வருகிறது. அதுவரை 30 கிலோ எடையில் ஒரு குழந்தை. வருஷம் முழுக்க முடி கொட்டும். கிடைத்ததெல்லாம் தின்னும், சீக்கிரம் பெருக்கும், பெருத்தால் இடுப்பு மூட்டு போகும். நடக்க நேரமும் சாப்பாட்டில் கண்டிப்பும் உள்ள வீட்டுக்கு முதல் நாயாக நல்ல தேர்வு. காவலுக்கு என்று எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், அது திருடனுக்கும் வாலாட்டும்.

டேஷ்ஹண்ட் சின்ன வீட்டுக்கு ஒத்துவரும். நீண்ட முதுகு என்பதால் மாடிப்படி ஏறி இறங்குவதும் சோபாவிலிருந்து குதிப்பதும் ஆகாது.

ராட்வீலர், பிட்புல் இரண்டும் முதல் நாய் அல்ல. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய சம்பவத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்தின் பொறுமையும் குறைந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நடந்தன. விதி மாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய இனம் எடுப்பவர்கள் உள்ளாட்சியில் அன்றைய நிலவரம் என்ன என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

## 3. நம் ஊர் இனங்கள்: வெயில் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை உண்டு

நாட்டினம் என்றாலே பராமரிப்பு வேண்டாம் என்று நினைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தோலும் வயிறும் இந்த மண்ணுக்குப் பழகியவை என்பது சரி. குணம் வேறு கதை.

ராஜபாளையம் ஒரு குடும்பத்தோடு ஒட்டும் நாய். வருகிறவர் போகிறவர் எல்லோரும் தடவிக் கொடுப்பதை விரும்பாது. தினமும் ஆள் வந்துபோகும் வீட்டுக்கோ, மாடியில் டியூஷன் நடக்கும் வீட்டுக்கோ ஒத்துவராது. மதில் உள்ள தனி வீடு வேண்டும். வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை உண்டு என்பதால் ஒரு சோதனை செய்யாமல் எடுக்காதீர்கள்: குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, உங்கள் நிழலோ காற்றோ படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசைய வேண்டும், தலை திரும்ப வேண்டும். மற்ற குட்டிகள் ஓடிவருவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும் என்பதால் தனியாக வைத்துப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு என்றால் கன்னி. வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் படுத்திருக்கும், முடி குறைவு, நாற்றமும் குறைவு. ஆனால் கயிற்றை விட்டால் பூனை பின்னாலோ ஆடு பின்னாலோ போய்விடும், கூப்பிட்டால் காதில் விழாது. வேலி போட்ட தோட்டமோ மைதானமோ இல்லாதவர்கள் எடுத்தால் அதற்குச் சிறை. விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனங்களின் உடல்வாகு. "சாப்பாடே போடறதில்லையா?" என்று கேட்பவர்களுக்காக நெய்ச்சோறு போட்டுக் கொழுக்கவைக்காதீர்கள்.

கோம்பை தேனிப் பக்கத்துக் காவல் நாய். செந்நிறம், கறுத்த வாய். பழகிய கைக்குத்தான் அடங்கும். முதல் நாயாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

எல்லோரும் தாண்டிப்போகும் தேர்வு ஒன்று இருக்கிறது: தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. நடுத்தர உடம்பு, கெட்டிக்காரத்தனம், இனக்கலப்பால் வந்த ஆரோக்கியம். பெண் குட்டிகளை யாரும் எடுப்பதில்லை என்பதால் அவைதான் தெருவில் மிஞ்சும். பெண் குட்டி வீட்டுக்கு நன்றாகவே ஒட்டும். வருஷத்துக்கு இரண்டு முறை ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வருவதுதான் தயக்கம் என்றால் கருத்தடை அறுவை அதைத் தீர்த்துவிடும். எந்த வயதில் செய்வது என்பது உடல் அளவைப் பொறுத்தது, டாக்டர் சொல்வார்.

## 4. எங்கே எடுப்பது

மூன்று வழி: தத்து, வீட்டில் ஈன்ற குட்டி, பதிவு பெற்ற பிரீடர் (நாய்களை இனம் பெருக்கி விற்பவர்). நான்காவதாகச் சந்தையும் ஆன்லைன் விளம்பரமும். அதைத் தவிருங்கள். சந்தைக் கூண்டில் பத்து இடத்துக் குட்டிகள் ஒன்றாக இருக்கும், ஒன்றுக்கு பார்வோ (வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வந்து குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்) என்றால் எல்லாவற்றுக்கும் தொற்றும். அங்கே தாயைப் பார்க்கவும் முடியாது.

சென்னையில் ப்ளூ கிராஸ் உட்பட பல காப்பகங்கள் தத்துக் கொடுக்கின்றன. வீட்டுச் சூழலைக் கேட்பார்கள், சில இடங்களில் நேரில் வந்தும் பார்ப்பார்கள். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள், கேள்வி கேட்காமல் கொடுப்பவரிடம்தான் சந்தேகம் வர வேண்டும்.

பிரீடர் என்றால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி பதிவு கட்டாயம். கே.சி.ஐ. பேப்பர் என்பது வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பரம்பரைச் சான்று அது. தாய் தகப்பன் யார் என்று சொல்லும், குட்டி ஆரோக்கியமானது என்று சொல்லாது. "பேப்பர் இருக்கு சார்" என்பதைக் கேட்டதும் மற்ற கேள்விகளை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

## 5. குட்டிக்கு முன்பே டாக்டரும் வீடும் தயார்

டாக்டரை இப்போதே போய்ப் பாருங்கள், குட்டி இல்லாமலே. கேட்க வேண்டியது இரண்டு: ராத்திரி அவசரம் என்றால் எங்கே போவது, பார்வோ வந்தால் உள்ளே வைத்து டிரிப் போட வசதி உண்டா. சென்னையில் வேப்பேரி, பிற ஊர்களில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்களுக்கு அருகில் எது, எந்த நேரம் திறந்திருக்கும் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

வீட்டில் முன்பு ஒரு நாய் பார்வோவில் இறந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்குச் சாகாது. வீட்டு உபயோக ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு என்று கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தரையைக் கழுவ வேண்டும். தோட்ட மண்ணை அப்படிக் கழுவ முடியாது. அந்த வீட்டுக்கு ஊசி முழுதும் முடிந்த நாயை எடுப்பதுதான் பாதுகாப்பு.

இனி தரை. இப்போதைய வீடுகளில் வழவழப்பான டைல்ஸ். வளரும் குட்டி அதில் நான்கு காலும் விரிந்து சறுக்கிக்கொண்டே இருந்தால் மூட்டு கெடும், பெரிய இனங்களுக்கு இன்னும் கெடுதல். குட்டி நடமாடும் இடத்தில் பழைய ஜமுக்காளமோ ரப்பர் பாயோ போடுங்கள்.

குட்டியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒரு சுற்று வாருங்கள். மொபைல் சார்ஜர் வயர், கொசுவர்த்தி, பீரோ அடியில் உருண்ட அந்துருண்டை, எலி மருந்து. தோட்டத்தில் அரளி இருந்தால் குட்டி எட்டாதபடி வேலி கட்டுங்கள், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை: இரண்டு எவர்சில்வர் கிண்ணம், லேசான துணி பெல்ட், கயிறு, மெல்லும் பொம்மை இரண்டு, குட்டி எழுந்து திரும்பிப் படுக்கிற அளவுக்கு ஒரு கூண்டு, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. கடையில் இதற்கு மேல் காட்டுவதெல்லாம் நம் ஆசைக்கு.

## 6. குட்டியைப் பார்க்கப் போவது

முதல் முறை போகும்போது குழந்தைகளையும் முன்பணத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டும் கையில் இருந்தால் திரும்பி வர முடியாது.

முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். "வேற இடத்துல இருக்கு" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குட்டி அந்த இடத்தில் பிறக்கவில்லை என்று அர்த்தம். தாய் உங்களைக் கண்டு நடுங்குகிறதா, பாய்கிறதா, நிதானமாக மோந்து பார்க்கிறதா? குட்டி பெரிதானால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு தரையைப் பாருங்கள். குட்டிகள் இருக்கும் இடத்தில் தண்ணீராகப் போன மலம் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம்.

குட்டியைக் கையில் எடுத்தால் இந்த வரிசையில் பாருங்கள்: கண் ஓரத்தில் பீளை, மூக்கில் சளி, காதுக்குள் கெட்ட வாடை. உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், வெளிறியிருந்தால் ரத்தம் குறைவு. மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் புழு. தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் முன்கால்களிலும் முடி உதிர்ந்த திட்டு இருந்தால் சொறி. கடைசியாக, இறக்கிவிட்டு நேராக நடக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள்.

எந்தக் குட்டி? எல்லோரையும் மிதித்துக்கொண்டு முதலில் ஓடிவருவதும் வேண்டாம், மூலையில் ஒடுங்கியிருப்பதும் வேண்டாம். பாவம் பார்த்து மூலைக் குட்டியை எடுப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் பயந்த நாயை வளர்ப்பது அனுபவசாலிக்கான வேலை. கொஞ்சம் தயங்கி, பிறகு வந்து மோந்து, உங்கள் செருப்பு வாரைக் கடிக்கிற நடுத்தரக் குட்டி முதல் வீட்டுக்கு ஏற்றது.

## 7. வயதும் ஊசி அட்டையும்: இங்கேதான் ஏமாறுகிறார்கள்

நம் ஊரில் "45 நாள் குட்டி" என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டப்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, அதாவது 56 நாள். இந்தப் பதினோரு நாள் வெறும் சம்பிரதாயம் இல்லை. கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம் கற்பது இந்த வாரங்களில்தான். சீக்கிரம் பிரித்த குட்டிகள்தான் பிறகு கையைக் குதறுகின்றன. விற்பவருக்கு என்ன லாபம் என்றால், குட்டிகள் அதிகம் தின்னத் தொடங்குவதும் முதல் ஊசிச் செலவு வருவதும் இந்த நாட்களில்தான்.

45 நாள் என்று சொல்வதே 35 நாளாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பல் 28-ம் வந்திருக்கும். பின்பற்கள் இன்னும் முளைக்கவில்லை என்றால் வயது குறைவு. பிடித்த குட்டி என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு எட்டு வாரம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையானவர் ஒப்புக்கொள்வார்.

ஊசி அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி போட்டதற்கு அடையாளம், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன லேபிள். அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம் இருக்கும். பக்கத்தில் தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு முத்திரை. லேபிள் இல்லாமல் பேனாவில் "9 இன் 1 போட்டாச்சு" (பல நோய்க்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி) என்று எழுதியிருந்தால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் இருந்து, தேதியைக் கணக்குப் போட்டால் குட்டிக்கு அப்போது மூன்று வாரம்தான் என்றாலும் அந்த ஊசி கணக்கில் சேராது.

## 8. அழைத்து வரும் நாள்

காலையில் எடுங்கள். புது வீட்டைப் பகல் வெளிச்சத்தில் மோந்து பழக நேரம் கிடைக்கும், ராத்திரி அழுகை கொஞ்சம் குறையும்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சாப்பாடு போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், இல்லையென்றால் காரில் வாந்தி. பொடி இனக் குட்டிக்கு மட்டும் நீண்ட நேரம் வயிறு காயக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு பேர் போங்கள், ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள. வழியில் இறக்க வேண்டி வந்தாலும் தரையில் விடாதீர்கள், டீக்கடை ஓரமும் பெட்ரோல் பங்கும் தெருநாய்கள் போகும் இடம்.

மறக்காமல் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: தாயோடு படுத்திருந்த துணி ஒரு துண்டு, இப்போது தின்னும் உணவு ஒரு வாரத்துக்கு.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மலஜலம் கழிக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிடுங்கள். போனால் பாராட்டுங்கள், அதன்பிறகு உள்ளே. ஆரத்தி எடுப்பதும் தெருவே கூடி ஆளுக்கு ஒரு கை தூக்குவதும் அன்றைக்கு வேண்டாம். குட்டி தானாக எழுந்து வருகிறவரை விட்டுவிடுங்கள்.

## 9. முதல் இரண்டு வாரம்

ராத்திரி. கூண்டை உங்கள் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள். தனியாக பால்கனியிலோ மாடிப்படி அடியிலோ விட்டால் அழும், அழாமல் எப்படி இருக்கும், முந்தின நாள்வரை ஏழு எட்டு உடம்புகளின் சூட்டில் தூங்கியது. பக்கத்தில் ஆள் மூச்சு இருந்தால் சில நாளில் அடங்கும். பிறகு கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம்.

சாப்பாடு. முதல் வாரம் அங்கே தின்றதையே கொடுங்கள். பிறகு ஏழு நாளில் மெதுவாகக் கலந்து மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றால் போகும், அது நோயா உணவா என்று தெரியாமல் நீங்கள் பதறுவீர்கள். மூன்று மாதம்வரை நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, தயிர் பரவாயில்லை. ஆனால் தயிர்சாதமே மூன்று வேளையும் என்றால் எலும்புக்கும் சதைக்கும் பற்றாது. முட்டையோ வேகவைத்த கோழியோ வேண்டும், அல்லது குட்டிகளுக்கான தீவனம் வேண்டும். நல்ல தீவனம் கொடுக்கும்போது மேலே கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் கால் வளையும்.

சாம்பார்சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை, திராட்சைப் பழம், சாக்லேட் மூன்றும் விஷம். வேகவைத்த எலும்பு குச்சியாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஜுரம் என்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம்.

கக்கா, மூச்சா. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப்போங்கள். ஒரே சொல்லைச் சொல்லுங்கள். போனதும் அந்த நொடியே ஒரு துண்டு தின்பண்டம். உள்ளே வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் உதவாது. உங்கள் கண்ணுக்கு மறைவாகப் போகத்தான் கற்றுக்கொள்ளும், கட்டிலுக்கடியில் ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடிப்பீர்கள். வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். பினாயில் வேண்டாம், குட்டி தரையை நக்கும்.

கடி. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்துபோங்கள். கையைக் கொடுத்து விளையாடாதீர்கள், பொம்மையைக் கொடுங்கள். நான்கு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும், ஆறேழு மாதத்தில் அடங்கும்.

குட்டி கடித்து ரத்தம் வந்தால் "சின்னக் குட்டிதானே" என்று விடக் கூடாது. அதற்கு இன்னும் ரேபிஸ் ஊசி போடவில்லை, குட்டிக்கும் ரேபிஸ் வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம்.

## 10. ஊசியும் பழக்கமும் ஒரே நேரத்தில்

குட்டி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் முடியும்வரை. ஏன் ஒன்றோடு நிறுத்தக் கூடாது? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்ப. "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திய வீடுகளில்தான் நான்காவது மாதத்தில் பார்வோ வருகிறது.

பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடைக்கேற்ற அளவில். எடை பார்க்க, குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறுங்கள், உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். உண்ணி மருந்தை நீங்களாகப் பூசாதீர்கள், பெரிய நாய்க்கானது குட்டிக்கு விஷமாகும்.

இங்கே ஒரு சிக்கல். ஊசி முடியும்வரை தெருவில் விடக் கூடாது. ஆனால் உலகத்தோடு பழகும் வயது மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம்வரைதான். நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டிவைத்த குட்டி ஆட்டோவைக் கண்டாலே படுத்துவிடும். வழி இதுதான்: தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், சைக்கிள், குக்கர் விசில், கோயில் மேளம். ஒவ்வொன்றும் கொஞ்சம் தூரத்தில், வாயில் தின்பண்டத்தோடு. பயந்தால் இன்னும் தள்ளிப்போங்கள்.

வாந்தியும் சோர்வும் சேர்ந்து வந்தாலோ, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல் இருந்தாலோ நாளை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பார்வோவில் ஒரு ராத்திரி பெரிய வித்தியாசம்.

## 11. ரேபிஸ் ஊசி, உரிமம், முதல் நடை

ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்ததும். பிறகு டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர், வருஷம் தவறாமல் ஒன்று. அந்தச் சான்றிதழை போட்டோ எடுத்து மொபைலில் வையுங்கள். உரிமத்துக்கும் ஊருக்குப் போகும்போது நாயை விடும் இடத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு) போடும்போது அதன் பெயரில் பதிவாகும் மொபைல் எண் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். பிரீடர் முன்பே போட்டிருந்தால் அவர் எண்ணே இருக்கலாம், நாய் தொலைந்தால் போன் அவருக்குத்தான் போகும்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத் தெருவில் இறக்கலாம். அதற்கு முன் வீட்டுக்குள்ளேயே பெல்ட்டும் கயிறும் பழக்கிவிடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும், காலை ஏழு மணிக்கு முன். வெயில் ஏறியபின் போக நேர்ந்தால் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி தாங்கவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. சாயங்காலம் போய்க்கொள்ளலாம்.